ஆறு கண்ணிக் கணக்கு

குரோஷே பொம்மை பின்னத் தொடங்குகிறவர் கைக்கு மூன்று பொருள்கள் வந்து சேர்கின்றன: ஒரு நூல்கண்டு, ஒரு கொக்கி ஊசி, எண்கள் நிறைந்த ஒரு தாள். நூலும் ஊசியும் யாரையும் மிரட்டுவதில்லை. தாள் மிரட்டும். முதல் சுற்றில் 6 கண்ணி, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18 என்று 36 வரை ஏறி, மேலும் ஆறு சுற்றுக்கு அசையாமல் நின்று, 30, 24, 18 என்று இறங்கி 6இல் முடியும். மேலே 'கரடியின் தலை' என்று போட்டிருக்கும். வரிகளுக்குள் தேடினால் கரடியும் கிடையாது, தலையும் கிடையாது. எழுதியிருப்பதை அப்படியே போட்டுக்கொண்டு போ, கை பழகிவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்றுதான் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை பாதிதான் சரி. கை பழகும். ஆனால் தட்டையாக வரவேண்டிய அடிப்பாகம் ஏன் கிண்ணமாகக் குழிந்தது, தொப்பியின் விளிம்பு ஏன் நெளிநெளியாகச் சுருண்டது என்று கேட்டால் பழகிய கைக்குப் பதில் தெரியாது. தாளிலுள்ள எண்கள், ஒரு பரப்பு எந்த இடத்தில் எவ்வளவு வளைய வேண்டும் என்று போட்டுவைத்த கணக்கு. ஊசி பிடிக்கப் பழகும்போதே அந்தக் கணக்கையும் படிக்கப் பழகிவிட வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு ஆறாம் வகுப்புக் கணிதத்துக்கு மேல் அதிகம் தேவைப்படாது.

முதலில் நூல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசி வேலையில், அதாவது நிட்டிங்கில், ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியின் மேல் திறந்தபடி காத்திருக்கும். ஒவ்வொரு கண்ணியையும் அதன் மேலே வரும் கண்ணிதான் பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் நடுவில் ஒன்று அறுந்தால் ஏணிப்படி போலக் கீழ்வரை பிரிந்துகொண்டே போகிறது. குரோஷேவில் திறந்திருக்கும் கண்ணி எப்போதும் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் போட்ட உடனேயே பூட்டப்பட்டுவிடும். அடுத்த கண்ணிக்கு ஊசியை எங்கே குத்துவது என்பது முழுக்கப் பின்னுகிறவர் விருப்பம். ஒரே துளையில் இரண்டு போடலாம், இரண்டை இழுத்து ஒன்றாக்கலாம், பாதியில் திரும்பி வேறு திசையில் போகலாம். இந்தச் சுதந்திரத்தால்தான் முப்பரிமாணப் பொம்மைக்குக் குரோஷே பொருந்துகிறது. ஜப்பானியர் அமிகுருமி என்று பெயரிட்டு உலகமெல்லாம் பரப்பிய குட்டிப் பொம்மைகள் பெரும்பாலும் குரோஷே வேலைதான். வரிசை வரிசையாக ஒழுங்காகப் போகும் நிட்டிங்தான் இயந்திரத்துக்கு ஏற்றது. இங்கிலாந்தில் கால்வர்ட்டன் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் லீ 1589இலேயே காலுறை பின்னும் சட்டகம் ஒன்றை உருவாக்கிவிட்டார். இன்று திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் வட்ட இயந்திரம் போடுவதும் அதே கண்ணிதான். கையால் போடும் குரோஷேவை அப்படியே போடும் இயந்திரம் தொழிற்சாலைக்கு வந்து சேரவில்லை. 'குரோஷே மெஷின்' என்ற பெயரில் நாடாவும் லேஸும் தயாரிக்கும் இயந்திரங்கள் செய்வது உண்மையில் வேறு வகை நிட்டிங். ஆகவே குரோஷே என்றாலே கையுழைப்புதான். ஆந்திரத்தின் நரசாப்பூர் பகுதியில் குரோஷே லேஸ் பின்னும் பெண்கள் எவ்வளவு குறைந்த கூலிக்கு வீட்டில் உட்கார்ந்து உழைத்தார்கள் என்பதைச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூலாகவே எழுதினார். கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் குரோஷே பொம்மையைப் பார்த்தால், அதற்கு யாருடைய கை எத்தனை மணி நேரம் உழைத்தது என்று கேட்டுக்கொள்ளத் தோன்ற வேண்டும்.

இனி அந்த ஆறு. பொம்மைப் பேட்டர்ன்கள் ஏன் திரும்பத் திரும்ப ஆறு ஆறாகக் கூட்டுகின்றன? ஐந்தாகவோ பத்தாகவோ ஏன் இல்லை? வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 மடங்கு. ஒரு சுற்று பின்னி முடித்ததும் வட்டின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. அப்படியானால் வட்டு தட்டையாகக் கிடக்க, சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூடியாக வேண்டும். பொம்மைகளுக்குப் போடும் குட்டைக் கண்ணி கிட்டத்தட்டச் சதுரமானது. உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சுற்றுக்கு 6.28 கண்ணி கூட்ட வேண்டும். கால் கண்ணி என்று எதுவும் இல்லாததால் 6. மீதமுள்ள 0.28ஐ நூலின் இளக்கம் விழுங்கிக்கொள்ளும். கண்ணி உயரமானால் இந்த எண்ணும் உயரும். அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள நெட்டைக் கண்ணிக்குச் சுற்றுக்கு 12 கூட்டினால்தான் வட்டு தட்டையாக வரும். விதி இவ்வளவுதான்: உயரத்தை அகலத்தால் வகுத்து 6.28ஆல் பெருக்கினால், தட்டை வட்டுக்குச் சுற்றுதோறும் கூட்ட வேண்டிய எண் கிடைக்கும்.

இந்த விதி கைவசம் இருந்தால் பேட்டர்னில் நடக்கும் கோளாறுகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்லும் குட்டைக் கண்ணியைப் பிரிட்டிஷ்காரர் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்கரின் 'டபுள்' அதைவிட உயரமானது. பிரிட்டிஷ் பேட்டர்ன் ஒன்றை அமெரிக்க வழக்கம் பழகியவர் எடுத்தால், குட்டைக்குப் பதில் நெட்டைக் கண்ணி போடுவார், ஆனால் தாளில் உள்ளபடி சுற்றுக்கு 6தான் கூட்டுவார். தேவையில் பாதி. வட்டு தட்டையாகக் கிடக்காமல் கூம்பாக எழும்பும். குட்டைக் கண்ணியில் வேண்டுமென்றே சுற்றுக்கு 3 மட்டும் கூட்டினாலும் இதுவேதான் கிடைக்கும்: உச்சிக்கோணம் சுமார் 60 பாகையுள்ள கூம்பு. யானைக் குட்டியின் கூர்வாலுக்கோ கோமாளித் தொப்பிக்கோ அது தேவை. கோப்பைக்கு அடியில் வைக்கும் விரிப்புக்குத் தேவையில்லை. மறுபக்கம், 6க்குப் பதில் 9, 10 என்று கூட்டிக்கொண்டே போனால் விளிம்பில் துணி மிகுந்துபோய், நிறைய சுருக்கு வைத்துத் தைத்த பாவாடையின் அடிவிளிம்பு போல மடிப்பு மடிப்பாக நெளியும். கூட்டுவது குறைந்தால் கிண்ணம், மிகுந்தால் நெளிவு, சரியாக இருந்தால் தட்டை. கூட்டும் இடங்களைச் சுற்றுதோறும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால் வட்டுக்கு ஆறு மூலைகள் முளைத்து அறுகோணம் ஆகிவிடும். எண்ணிக்கையில் தவறில்லை, கூட்டும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தள்ளி வைத்தால் மூலை மறைந்துவிடும்.

பந்துக்கு வருவோம், கரடியின் தலை ஒரு பந்துதானே. நடுவில் 36 கண்ணி உள்ள பந்து என்றால், ஒரு துருவத்திலிருந்து எதிர்த் துருவத்துக்கு மேற்பரப்பின் வழியே உள்ள தூரம் அந்தச் சுற்றளவில் பாதி, அதாவது 18 கண்ணி உயரம். ஒவ்வொரு சுற்றும் 180 பாகையில் 10 பாகை நகர்கிறது. எனவே எந்தச் சுற்றிலும் இருக்க வேண்டிய கண்ணிகள், 36ஐ அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும். போட்டுப் பார்த்தால் வரிசை இப்படி வருகிறது: 6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36, பிறகு அதே எண்கள் இறங்குமுகமாக. மொத்தம் 17 சுற்று. தொடக்கத்தில் சொன்ன வழக்கமான பேட்டர்னிலும் 17 சுற்றுதான். முதல் மூன்று எண்கள் அச்சு அசலாக ஒன்றே. நான்காவது சுற்றில் இரண்டும் பிரிகின்றன. கணக்குப்படி பந்து 23க்கு மெல்ல ஏறும்போது பேட்டர்ன் 24, 30, 36 என்று விறுவிறுவென ஏறிவிடுகிறது. கண்ணிகளை மொத்தமாகக் கூட்டினால் கணக்குப் பந்துக்கு 410, பேட்டர்ன் பந்துக்கு 432. இருபத்திரண்டு கண்ணிதான் வித்தியாசம், ஆனாலும் பேசவேண்டிய வித்தியாசம்.

ஏனென்றால் என் வாதத்துக்கு வலுவான மறுப்பு இங்கேதான் இருக்கிறது. ஆறு சுற்று ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டை வட்டு வரும் என்று இப்போதுதான் சொன்னேன். வழக்கமான பேட்டர்ன் அதைத்தானே செய்கிறது? முதலில் ஒரு தட்டை மூடி, நடுவில் நேர்ச்சுவர், கடைசியில் இன்னொரு தட்டை மூடி. எண்களை மட்டும் நம்பினால் அது பந்தே இல்லை, குட்டையான ஒரு டப்பா. ஆனால் பஞ்சு அடைத்ததும் பந்தாகத்தான் தெரிகிறது. அப்படியானால் எண்கள் வடிவத்தைச் சொல்கின்றன என்பது எப்படிச் சரியாகும்? பதில் இரண்டு பங்காக இருக்கிறது. ஒன்று, 6.28க்குப் பதில் 6 போட்டதால் மூடிகள் ஏற்கெனவே லேசாகக் கவிந்திருக்கின்றன. இரண்டு, நூல்துணி தகரம் அல்ல. உள்ளிருந்து பஞ்சு தள்ளும்போது கண்ணிகள் கொஞ்சம் விரிந்து கொடுத்து, டப்பாவின் விளிம்பை வழித்துவிடுகின்றன. எண் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதை, துணி நீளும் எல்லைக்குள் தீர்மானிக்கிறது என்று திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு நடைமுறைப் பயனும் உண்டு. பஞ்சைத் தளர்வாக அடைத்தால் டப்பா எட்டிப்பார்க்கும். கன்னம் உப்பிய, தலை உச்சி சப்பையான பொம்மைகளைப் பார்த்தால் இது புரியும். நன்றாக இறுக்கி அடைத்தால் டப்பா மறையும், ஆனால் கண்ணிகளின் இடுக்கில் பஞ்சு தெரியும். அதைத் தடுக்கவே பொம்மைக்கு, நூல்கண்டின் சீட்டில் குறித்திருப்பதைவிடச் சிறிய ஊசியை எடுக்கச் சொல்கிறார்கள். உண்மையிலேயே டப்பா வேண்டும், பொம்மை மேசைமேல் ஆடாமல் உட்கார வேண்டும் என்றால், கூட்டுவதை நிறுத்தும் சுற்றில் கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசியைக் குத்திப் பின்னினால் அந்த இடத்தில் துணி கூராக மடிந்து நிற்கும்.

வளைவை வெளியே நின்று பார்க்காமல், பரப்புக்குள்ளேயே அளந்து சொல்லிவிடலாம் என்பது சாதாரணச் செய்தியல்ல. அதை 1827இல் நிறுவியவர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் கௌஸ். தன் தேற்றத்தைத் தானே 'குறிப்பிடத்தக்க தேற்றம்' என்று அழைத்தார், அவ்வளவு வியப்பு அவருக்கே. ஒரு புள்ளியைச் சுற்றி வரையும் வட்டங்களின் சுற்றளவு, ஆரம் கூடக்கூட எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று பார்த்தாலே அங்கே பரப்பு கோளம் போல வளைகிறதா, தட்டையா, குதிரைச் சேணம் போல வளைகிறதா என்று தெரிந்துவிடும். குரோஷே பேட்டர்ன் தருவதும் அந்த ஒரு தகவலைத்தான், சுற்றுக்கு இத்தனை கண்ணி என்று. இந்த ஒற்றுமையைக் கணித வகுப்புக்குள் கொண்டுவந்தவர் லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டைனா டைமினா. எல்லா இடத்திலும் ஒரே அளவில் சேணம் போல வளைந்திருக்கும் அதிபரவளையத் தளத்தை அதுவரை காகிதப் பட்டைகளை ஒட்டித்தான் செய்துகாட்டினார்கள். கை பட்டால் கிழிந்துவிடும். டைமினா 1997இல் அதைக் குரோஷேவில் பின்னினார். அவர் வைத்த விதி ஒரே வரி: இத்தனை கண்ணிக்கு ஒரு முறை கூட்டு, எல்லாச் சுற்றிலும் அதே விகிதம். ஐந்துக்கு ஒன்று என்று வைத்து 20 கண்ணியில் தொடங்கினால், இருபது சுற்றுக்குப் பின் விளிம்பில் 760க்கு மேல் கண்ணிகள் இருக்கும். தட்டை வட்டாக ஆறு ஆறாகக் கூட்டியிருந்தால் வெறும் 140. பவளப்பாறையும் நம் ஊர்க் கோழிக்கொண்டைப் பூவும் நெளிந்து மடிவது, விளிம்பு உள்பகுதியைவிட வேகமாக வளர்வதால்தான். மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய குரோஷே பவளப்பாறைத் திட்டம் இந்த விகித விதியிலிருந்து கிளைத்ததே. அப்போது பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த கணிதவியலாளர்கள் ஹின்கே ஓசிங்கா, பெர்ன்ட் க்ராவுஸ்கோப் இருவரும் இன்னொரு படி மேலே போனார்கள். வானிலைக் கணிதத்தில் வரும் லாரன்ஸ் சமன்பாடுகளின் ஒரு பரப்பைக் கணிக்கக் கணினியில் எழுதிய முறை, வட்டம் வட்டமாகப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே வந்தது. அதன் விடையையே பின்னல் குறிப்பாக மாற்றி 25,511 கண்ணிகளில் பின்னி முடித்து 2004இல் வெளியிட்டார்கள். திரையில் பார்த்துப் பிடிபடாத வடிவம் கையில் கிடைத்தது.

பாட்டிமார் இந்தத் தேற்றங்களை எல்லாம் படித்துவிட்டா பின்னினார்கள் என்று கேட்கலாம். படிக்கவில்லை, ஆனால் கணக்கைத் தவிர்க்கவும் இல்லை. வட்டு குழிந்தால் அடுத்த சுற்றில் இரண்டு கண்ணி கூடப் போடுவதும், நெளிந்தால் பிரித்துக் குறைத்துப் போடுவதும் அதே வகுத்தல்-பெருக்கல்தான். அதைக் கண்ணும் விரலும் செய்தன. அந்தத் திறமை பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த ஆண்டுகள் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆளும் இருப்பதில்லை. அச்சடித்த தாளை மட்டும் நம்பும் அவருக்குத்தான் விதி அதிகம் தேவை.

இன்னொரு மறுப்பு: ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம், அப்புறம் எண்ணுக்கு என்ன மதிப்பு? பொம்மைக்கும் ஸ்வெட்டருக்கும் இங்கே பதில் வேறு வேறு. பொம்மையில் முக்கியம் விகிதம். தளர்வாகப் பின்னினால் கரடி பெரிதாகும், இறுக்கிப் பின்னினால் சிறிதாகும். கண்ணியின் உயர-அகல விகிதம் மாறாதவரை கரடி கரடியாகவே இருக்கும். ஆகவே முதல் முயற்சிக்குப் பொம்மை பாதுகாப்பானது. ஸ்வெட்டர் அப்படியல்ல, அது ஒரு குறிப்பிட்ட உடம்புக்கு. 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்ற கணக்கில் எழுதிய பேட்டர்னில் 100 செ.மீ. மார்புச் சுற்றுக்கு 220 கண்ணி கேட்டிருப்பார்கள். உங்கள் கையில் 10 செ.மீ.க்கு 20தான் விழுகிறது என்றால் அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிவிடும். வரிக்கு வரி தவறில்லாமல் பின்னிய ஸ்வெட்டர் அடுத்தவருக்குப் போகும். முதலில் ஒரு சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, அளந்துபார் என்று நிட்டிங் புத்தகங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

நிட்டிங்கில் எண்ணிக்கையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பருத்தி நூலை இழுத்தால் அதிகம் நீளாது. அதே நூலில் நெய்த வேட்டியும் நீளாது. அதே நூலில் பின்னிய பனியன் தாராளமாக நீளும். நூல் நீளவில்லை, கண்ணியின் வளைவு நிமிர்ந்து கொடுக்கிறது. பிரான்சில் சாமுவேல் பொயன்க்ளூவும் உடனாய்வாளர்களும் 2018இல் இந்த நீட்சியை, நூலின் நீளம் மாறாது, வளைவு மட்டுமே மாறும் என்ற அடிப்படையில் விளக்கினார்கள். நேர்க்கண்ணி, புரட்டுக்கண்ணி என்ற இரண்டே இரண்டை மாற்றி மாற்றிப் போடுவதில் துணியின் குணமே மாறுகிறது. இரண்டையும் பத்தி பத்தியாக வைத்தால் ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டை போல அகலவாக்கில் ஏகமாக இழுபடும். ஒருபக்கம் முழுக்க நேர்க்கண்ணியாகவே தெரியும்படி பின்னினால் மேல், கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் இடவல ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருளும். புதியவர்கள் முதல் மஃப்ளரை இப்படிப் பின்னி, அது குழாயாகச் சுருண்டதும் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையில் குறை எதுவும் இல்லை. வளைத்துவைத்த நூல் நிமிரப் பார்க்கிறது, இரு பக்கமும் விசை சமமாக இல்லை, அதனால் சுருளுகிறது. ஓரத்தில் நான்கைந்து கண்ணிகளை எல்லா வரிசையிலும், இரு பக்கத்திலிருந்தும் நேர்க்கண்ணியாகவே போட்டால் அந்தச் சமநிலை வந்து ஓரம் படிந்து கிடக்கும்.

தொடங்க நினைப்பவர் கரடியைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம். மொத்தமான, வெளிர்நிற அக்ரிலிக் அல்லது பருத்தி நூலும் 3 அல்லது 3.5 மி.மீ. கொக்கி ஊசியும் போதும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது, முடி முடியாகப் பிசிறு நிற்கும் நூலில் எண்ணவே முடியாது. 6 கண்ணியில் தொடங்கி எட்டுச் சுற்றுள்ள மூன்று வட்டுகள் பின்னுங்கள்: ஒன்றில் சுற்றுக்கு 4, ஒன்றில் 6, ஒன்றில் 9 கூட்டி. அமிகுருமியில் சுற்றுகள் மூட்டில்லாமல் சுருளாகவே போவதால், ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூலில் ஒரு துண்டைச் செருகி அடையாளம் வையுங்கள். அது இல்லாமல் எண்ணிக்கை தப்பாதவர் அரிது. மூன்று வட்டுகளும் மேசைமேல் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்த பிறகு, மேலே கொடுத்த 6, 12, 18, 23, 28 வரிசையில் ஒரு பந்தும், வழக்கமான 24, 30, 36 வரிசையில் ஒரு பந்தும் பின்னி, ஒரே அளவு பஞ்சு அடைத்து அருகருகே வையுங்கள். எது உங்கள் கரடிக்குத் தலையாகப் பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண்களைத் தவிர்த்து நூலாலேயே கண் தைத்துவிடுங்கள்.